ஸ்கேன் அறைக்கு வெளியே நான்கு மணி நேரம்

(நம் நலச்சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இதழுக்காகச் சற்று விரித்து எழுதியிருக்கிறேன்.)



குப்பை வண்டி, தெருவிளக்கு, சாக்கடை பற்றிப் பேசும் கூட்டத்தில் மருத்துவமனை ஸ்கேன் பிரிவைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். நம் குடியிருப்பில் அறுபது வயதைத் தாண்டாத வீடு மிகக் குறைவு. எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்ட், சி.டி., எம்.ஆர்.ஐ. என்று ஏதாவது ஒன்றுக்காக மாதம் ஒரு வீட்டிலிருந்தாவது யாரோ கிளம்பிக்கொண்டிருக்கிறோம். போய் வந்தவர்கள் நோயைப் பற்றிச் சொல்வதைவிடக் காத்திருந்ததைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறார்கள். அதனால் இதுவும் நம் தெருப் பிரச்சினைதான்.

நான் மருத்துவம் படித்தவன் இல்லை. வணிகவியல் பட்டம் வாங்கி, வங்கியில் எழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆனால் கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்து வரிசையைப் பார்த்தே முப்பது வருடத்துக்கு மேல் போயிருக்கிறது. வரிசை எதனால் நீள்கிறது, எதனால் குறைகிறது என்பது எனக்குக் கொஞ்சம் தெரியும். அந்த அளவில் இதைக் கேளுங்கள்.

பழைய வங்கியை நினைத்துப் பாருங்கள். காசோலையைக் கொடுத்தால் பித்தளை டோக்கன் ஒன்று தருவோம். காசோலை லெட்ஜர் எழுத்தரிடம் போகும். அவர் கணக்கில் பதிந்து அதிகாரி மேஜைக்கு அனுப்புவார். அதிகாரி கையெழுத்தைச் சரிபார்த்து ‘பாஸ்’ செய்வார். பிறகு அது காசாளரிடம் போகும். அவர் டோக்கன் எண்ணைக் கூப்பிடுவார். நான்கு பேர் செய்யும் வேலையைக் கூட்டினால் ஐந்து நிமிடம்கூட வராது. வாடிக்கையாளர் காத்திருப்பதோ முக்கால் மணி நேரம். மீதி நேரமெல்லாம் அந்தக் காசோலை யாரோ ஒருவர் மேஜையில் சும்மா கிடந்த நேரம்.

பிறகு டெல்லர் முறை வந்தது. ஒரு குறிப்பிட்ட தொகை வரை ஒரே எழுத்தரே பதிந்து, சரிபார்த்து, பணமும் கொடுக்கலாம் என்றார்கள். கிளையில் ஆட்களைக் கூட்டவில்லை, கட்டடத்தையும் பெரிதாக்கவில்லை. படிகளைக் குறைத்தார்கள், வரிசை குறைந்தது. கணினி வந்து மீதியைச் செய்தது.

ஸ்கேன் பிரிவையும் இதே கண்ணோடு பார்க்கலாம். வேலை எப்படி ஒரு கையிலிருந்து அடுத்த கைக்குப் போகிறது என்பதைப் படமாக வரைந்து பார்க்கும் வழக்கம் நூறு வருடத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. அமெரிக்காவில் ஃபிராங்க் கில்பிரத், லில்லியன் கில்பிரத் என்ற தம்பதி 1921ல் பொறியாளர் சங்கக் கூட்டத்தில் ‘செயல்முறை வரைபடம்’ என்ற ஒன்றை முன்வைத்தார்கள். ஒவ்வொரு படிக்கும் ஒரு குறி: இங்கே வேலை நடக்கிறது, இங்கே பொருள் நகர்கிறது, இங்கே சோதிக்கிறார்கள், இங்கே சும்மா கிடக்கிறது. அதற்கும் முன்பே ஃபிராங்க் கில்பிரத் அறுவை சிகிச்சை அறைக்குள் போய் மருத்துவர்களின் கை அசைவுகளைக் கவனித்து ஆராய்ந்தவர். ஆகவே ஆலையில் பிறந்த முறை ஆஸ்பத்திரிக்குப் பொருந்துமா என்ற கேள்விக்கு அப்போதே விடை கிடைத்துவிட்டது.

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னும் எளிதாகச் சொல்கிறேன். நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளைப் பார்த்திருப்பீர்கள். சேஸிஸ் வரும், சட்டம் அடிப்பார்கள், தகடு அடிப்பார்கள், பெயின்ட் அடிப்பார்கள், ஒயரிங் செய்வார்கள். வண்டி தாமதமானால் முதலாளி முதலில் கேட்பது, “வண்டி எந்த இடத்தில நின்னுக்கிட்டு இருக்குது?” என்பதைத்தான். அந்தக் கேள்வியை நோயாளிக்குக் கேட்டால் போதும்.

என் மனைவிக்கு வயிற்றில் சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். எந்த மருத்துவமனை என்பது இங்கே முக்கியமில்லை, பல இடங்களில் இதுதான் நடைமுறை. பழக்க தோஷம், கையில் இருந்த டைரியின் பின்பக்கத்தில் நேரத்தைக் குறித்துக்கொண்டே வந்தேன்.

8.40 – மருத்துவர் சீட்டு எழுதிக் கொடுத்தார்.
8.55 – ஸ்கேன் பிரிவைக் கண்டுபிடித்து வரிசையில் நின்றோம்.
9.25 – பெயர் பதிந்தார்கள். பணம் வேறு கட்டடத்தில் கட்ட வேண்டும் என்றார்கள்.
10.05 – பணம் கட்டி முடிந்தது.
10.15 – திரும்பி வந்தோம். “கிரியேட்டினின் ரிசல்ட் எங்கே?” என்றார்கள். அப்போதுதான் அப்படி ஒன்று வேண்டும் என்றே எங்களுக்குத் தெரிந்தது.
10.30 – ஆய்வகத்தில் ரத்தம் எடுத்தார்கள்.
12.00 – முடிவு கிடைத்தது.
12.10 – ஸ்கேன் பிரிவில் கொடுத்தோம். மருந்து கலந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கச் சொன்னார்கள்.
1.10 – குடித்து முடிந்தது.
1.50 – உள்ளே கூப்பிட்டார்கள்.
2.10 – வெளியே வந்தார்.

மொத்தம் 330 நிமிடம். இதில் யாராவது ஒருவர் என் மனைவிக்காக வேலை செய்த நேரம் எவ்வளவு? பெயர் பதிய 3 நிமிடம், பணம் வாங்க 2, ரத்தம் எடுக்க 3, ஸ்கேனுக்கு 20. ஆக 28 நிமிடம். தண்ணீர் குடித்த 60 நிமிடம் மருத்துவத்துக்குத் தேவையானது, அதையும் சேர்த்தால் 88. மீதி 242 நிமிடம், அதாவது நான்கு மணி நேரத்துக்கு மேல், நடையும் காத்திருப்பும்தான்.

என் மனைவிக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை. முந்தின நாள் இரவு சாப்பிட்டது. மதியம் ஒரு மணிக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. செவிலியர் ஒருவர் பார்த்து, விரலில் குத்திச் சர்க்கரை அளவு எடுத்து, சமாளித்துவிட்டார். அந்தப் பெண் நன்றாக இருக்கட்டும். ஆனால் தனியாக வந்த ஒரு பாட்டிக்கு இது நடந்திருந்தால் யார் பார்த்திருப்பார்கள்? காத்திருப்பு என்பது வெறும் சலிப்பு மட்டும் இல்லை என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

இப்போது அந்தப் பட்டியலை மீண்டும் பாருங்கள். 10.15 முதல் 12.10 வரை, 115 நிமிடம், ஒரே ஒரு காரணத்தால் போனது. நரம்பில் ஏற்றும் சாய மருந்து சிறுநீரகம் வழியாக வெளியேற வேண்டும், அதனால் சிறுநீரகம் நன்றாக இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறார்கள். அது நியாயம். ஆனால் சீட்டு எழுதும் இடத்திலேயே “கிரியேட்டினின் பார்த்து வரவும்” என்று ஒரு வரி அச்சடித்திருந்தால், முந்தின நாளே பார்த்துக்கொண்டு போயிருப்போம். இரண்டு மணி நேரம் மிச்சம், செலவு ஒரு ரப்பர் ஸ்டாம்ப். படம் வரைவதன் பலன் இதுதான். குறை எந்த மேஜையிலும் இல்லாமல் இரண்டு மேஜைக்கு நடுவில் இருக்கும்போது, வரைந்து பார்த்தால்தான் கண்ணில் படும்.

அடுத்ததாக ஒரு சிறு கணக்கு. ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1961ல் நிரூபித்தது. வருவதும் போவதும் ஏறக்குறைய சமமாக நடக்கும் இடத்தில், உள்ளே இருப்பவர்களின் எண்ணிக்கையை மணிக்கு முடிந்து போகிறவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரிக் காத்திருப்பு வந்துவிடும். ஸ்கேன் அறை வாசலில் 36 பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், மணிக்கு 12 பேருக்கு முடிகிறது என்றால் புதிதாக வருகிறவருக்கு 3 மணி நேரம். யாரையும் கேட்க வேண்டாம், சண்டையும் போட வேண்டாம். அடுத்த முறை போகும்போது எண்ணிப் பாருங்கள்.

இதிலிருந்தே வழியும் தெரிகிறது. ஒன்று, எல்லாரையும் காலை எட்டு மணிக்கு வரச் சொல்லாமல் நேரம் பிரித்துக் கொடுக்கலாம். வங்கியில் ஓய்வூதியக்காரர்கள் எல்லாரும் மாத முதல் நாளே வந்து நிற்பார்கள். நாள் பிரித்துச் சொன்ன பிறகு அவர்களுக்கும் உட்கார நாற்காலி கிடைத்தது, எங்களுக்கும் மூச்சு வந்தது. இரண்டு, இயந்திரம் சும்மா நிற்காமல் பார்க்கலாம். ஒருவர் உள்ளே இருக்கும்போதே அடுத்தவர் நகைகளைக் கழற்றி, உடை மாற்றி, கையில் ஊசி போட்டுத் தயாராக இருந்தால் மணிக்கு இரண்டு மூன்று பேர் கூடுதலாக முடியும்.

இரண்டாவது வழியை உலகத்துக்கே காட்டியது நம் தமிழ்நாடுதான். டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்று, 1976ல் மதுரையில் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அங்கே அறுவை சிகிச்சை அறையில் ஒரு மருத்துவருக்கு இரண்டு மேஜை. ஒரு மேஜையில் கண்புரை அறுவை நடக்கும்போதே அடுத்த மேஜையில் நோயாளியைத் தயார் செய்துவிடுவார்கள். மருத்துவர் திரும்பி உட்கார்ந்தால் போதும். கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, பார்வை அளப்பது முதல் தயார் செய்வது வரை பெரும்பாலான வேலைகளை அவர்களிடம் ஒப்படைத்தார்கள். மருத்துவர் மட்டுமே செய்யக்கூடிய வேலை மட்டும் மருத்துவரிடம் வந்தது. சேலத்திலும் அதன் கிளை இருக்கிறது. கண் காட்டப் போனவர்களுக்கு நான் சொல்வது புரியும். ஓய்வு பெற்றபின் என்ன செய்வது என்று யோசிக்கும் நம் உறுப்பினர்களும் அந்த 58 வயதைக் கவனிக்கலாம்.

ஆனால் எல்லாப் படியையும் வெட்டிவிடக் கூடாது. இதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

கர்ப்பிணிப் பெண்ணுக்கு அல்ட்ராசவுண்ட் எடுக்கும்போது ‘படிவம் எஃப்’ என்று ஒன்றை நிரப்புகிறார்கள். “எதுக்குங்க இத்தனை எழுத்து வேலை?” என்று வரிசையில் ஒரு அம்மா சலித்துக்கொண்டதைக் கேட்டிருக்கிறேன். சேலத்துக்காரர்கள் நாம் அப்படிக் கேட்கக் கூடாது. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992ல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டது நம் மாவட்டத்தில்தான். கருவிலேயே பெண் என்று தெரிந்து அழிப்பதைத் தடுக்க 1994ல் நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது. அந்தப் படிவம் அந்தச் சட்டத்தின் கண். அதில் போகும் சில நிமிடம் ஒரு நிமிடமும் வீண் இல்லை.

எம்.ஆர்.ஐ. அறை வாசலில் சாவி, பெல்ட், மொபைல் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள்வதும் அப்படித்தான். அந்தக் காந்தம் ஸ்கேன் நடக்காத நேரத்திலும் இழுத்துக்கொண்டே இருக்கும். 2018 ஜனவரியில் மும்பை நாயர் மருத்துவமனையில் நோயாளியின் உறவினர் ஒருவர் ஆக்சிஜன் சிலிண்டரோடு எம்.ஆர்.ஐ. அறைக்குள் போனார். காந்தம் சிலிண்டரோடு அவரையும் இழுத்தது, உயிர் போனது. யார் எதை எங்கே கொண்டு போகலாம் என்ற ஒரு படி அன்று விடுபட்டுப் போனது. அதனால் வரைபடத்தில் ஒவ்வொரு படியைப் பார்க்கும்போதும் “இது எதற்காக இருக்கிறது?” என்று முதலில் கேட்க வேண்டும். பதில் இல்லை என்றால்தான் எடுக்க வேண்டும்.

வரிசையை மீற வேண்டிய சமயமும் உண்டு. சேலம், நாமக்கல் வழியாக நான்கு வழிச் சாலை போகிறது. தலையில் அடிபட்டவர்கள் எந்த நேரமும் வருவார்கள். பக்கவாதமும் அப்படித்தான். மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைத்துவிட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஆனால் அடைப்பா, கசிவா என்று சி.டி. எடுத்துப் பார்க்காமல் போட முடியாது. கசிவாக இருந்தால் அந்த ஊசியே எமன். ஆத்தூரிலிருந்தோ ராசிபுரத்திலிருந்தோ ஆம்புலன்சில் வந்து சேரவே அந்த நேரத்தில் கணிசமான பங்கு போய்விடும். மீதி நேரம் ஸ்கேன் வாசலில் போகக் கூடாது.

ஆகவே நல்ல ஸ்கேன் பிரிவில் ஒரே வரிசை இருக்காது. அவசர நோயாளிக்குத் தனி வழி, படுக்கை நோயாளிக்குத் தனி நேரம், வெளிநோயாளிக்கு முன்பதிவு என்று பிரிந்திருக்கும். நம் கண்ணெதிரே ஸ்ட்ரெச்சர் ஒன்று முந்திப் போனால் கோபப்படாதீர்கள். அந்த இடத்தில் நாளைக்கு நாம் படுத்திருக்கலாம்.

ஸ்கேன் எடுத்ததோடு வேலை முடிவதில்லை. படத்தைக் கதிரியக்க மருத்துவர் பார்த்து அறிக்கை எழுத வேண்டும், அது சீட்டு எழுதிய மருத்துவரிடம் போய்ச் சேர வேண்டும். என் மனைவிக்கு எடுத்தது மதியம் 2.10, அறிக்கை கைக்கு வந்தது மறுநாள் மாலை. படம் கணினி வழியே மருத்துவர் மேஜைக்கே போகும் வசதி இன்று பல மருத்துவமனைகளில் வந்துவிட்டது. அது இருந்தாலும், அவசரமான எதையாவது படத்தில் கண்டால் அறிக்கை தட்டச்சாகும்வரை காத்திருக்காமல் உடனே தொலைபேசியில் சொல்லும் வழக்கம் வேண்டும். வங்கியில் பெரிய தொகைக் காசோலையில் கையெழுத்து ஒத்துப்போகாவிட்டால் மாலைக் கணக்கு முடியும்வரை பொறுத்திருப்போமா? உடனே எழுந்து மேலாளர் அறைக்குப் போவோம்.

அரசு மருத்துவமனைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி 1986ல் தொடங்கியது. சேலம் மட்டுமில்லாமல் நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்தும் அங்கே வருகிறார்கள். 2022 ஜனவரியில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் நாமக்கல்லும் ஒன்று. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளில் சி.டி., எம்.ஆர்.ஐ. மையங்களை வெளியே கேட்கும் தொகையில் ஒரு பங்குக்கு நடத்துகிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் சில பரிசோதனைகளும் அடங்கும். கட்டணம் குறைவு என்பதால் கூட்டம் அதிகம். அங்கே வேலை பார்க்கும் டெக்னீஷியனும் செவிலியரும் மூச்சுவிட நேரமில்லாமல் இருக்கிறார்கள். அவர்களிடம் சத்தம் போடுவதால் மணிக்கு 12 என்பது 13 ஆகப் போவதில்லை.

சரி, நாம் என்ன செய்யலாம்? முதலில் நம் பங்கு.

சீட்டு கைக்கு வந்த உடனே, அந்த இடத்திலேயே ஐந்து கேள்வி கேளுங்கள். சாப்பிடாமல் வர வேண்டுமா, எத்தனை மணி நேரம்? (வயிற்று அல்ட்ராசவுண்டுக்கு வெறும் வயிறு, அடிவயிற்று அல்ட்ராசவுண்டுக்குச் சிறுநீர் நிறைந்திருக்க வேண்டும். இது தெரியாமல் திரும்பி வந்தவர்கள் நம் தெருவிலேயே உண்டு.) ரத்தப் பரிசோதனை ஏதாவது முன்னதாக வேண்டுமா? சர்க்கரை மாத்திரையை அன்று போடலாமா? பணம் எங்கே கட்டுவது? அறிக்கை எப்போது, யாரிடம் கிடைக்கும்?

பழைய ஸ்கேன் படங்கள், பழைய அறிக்கை, மாத்திரைச் சீட்டு, ஆதார், காப்பீட்டு அட்டை எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். உடம்பில் பேஸ்மேக்கர், ஸ்டென்ட், எலும்பில் பிளேட், காதுக்குள் கருவி எது இருந்தாலும் எம்.ஆர்.ஐ.க்கு முன் கட்டாயம் சொல்லுங்கள். கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் எக்ஸ்ரே, சி.டி.க்கு முன் சொல்லுங்கள். சர்க்கரை நோயாளி என்றால் கவுண்டரில் முதல் வார்த்தையாக அதைச் சொல்லி, காலை முதல் நேரம் கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள், ஒருவரைக் கூட்டிப் போங்கள். பிள்ளைகள் வெளியூரில் இருந்தால் சங்கத்தில் சொல்லுங்கள், யாராவது வருவோம்.

இரண்டாவது, சங்கத்தின் பங்கு. நான்கு கட்டம் போட்ட ஒரு தாளை அச்சடித்து அலுவலக மேஜையில் வைத்திருக்கிறேன். என்ன படி, எத்தனை மணிக்கு வந்தோம், எத்தனை மணிக்கு வேலை தொடங்கியது, எத்தனை மணிக்கு முடிந்தது. ஸ்கேனுக்குப் போகிறவர்கள் ஒன்று எடுத்துப் போய் நிரப்பிக்கொண்டு வாருங்கள். நோயாளி பெயர் வேண்டாம், நோய் என்ன என்றும் வேண்டாம். இருபது முப்பது தாள் சேர்ந்தால் எந்த இடத்தில் தேங்குகிறது என்று தானாகத் தெரியும். ஒரு தாள் புலம்பலாகத்தான் தெரியும். முப்பது தாளை யாரும் ஒதுக்கிவிட முடியாது.

அதை எடுத்துக்கொண்டு ஆர்.எம்.ஓ. எனப்படும் நிலைய மருத்துவ அலுவலரையோ, தனியார் என்றால் நிர்வாக அலுவலரையோ போய்ப் பார்ப்போம். புகாராகப் போக வேண்டாம். “ஐயா, நோயாளி பக்கமிருந்து பார்த்தால் இப்படித் தெரிகிறது” என்று கொடுப்போம். உள்ளே இருப்பவர்களுக்கு அவரவர் மேஜை தெரியும். ஒரு நோயாளியோடு சேர்ந்து எல்லா மேஜைக்கும் நடந்து பார்க்க அவர்களுக்கு நேரம் இருப்பதில்லை. அந்த நேரம் நம்மிடம் நிறைய இருக்கிறது. சீட்டில் ஒரு வரி அச்சடிக்கச் சொல்வது, பணம் கட்டும் கவுண்டர் ஒன்றை ஸ்கேன் பிரிவு பக்கத்தில் போடச் சொல்வது, வழிகாட்டிப் பலகை வைக்கச் சொல்வது போன்றவை பெரிய செலவு இல்லாதவை. வழிகாட்ட ஆள் வேண்டும் என்றால், அனுமதி கொடுத்தால் வாரம் இரண்டு காலை நம்மில் சிலர் போய் நிற்கலாம். என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

இந்தத் தாள்களை வைத்துக்கொண்டு அடுத்த காலாண்டுக் கூட்டத்தில் கணக்கோடு பேசலாம். தாள் தேவைப்படுகிறவர்கள் மாலை ஐந்து முதல் ஏழு வரை சங்க அலுவலகத்தில் வாங்கிக்கொள்ளலாம்.